தாலுகா பட்டியல் நடுவில் தாவுகிறது, பிறகு நிற்காமல் ஓடுகிறது: தற்சுழற்சிச் செயற்கூற்றில் மாறிக் குழப்பம்

வேப்பனப்பள்ளி வேர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி மா விவசாயிகள் குழுவுக்கு ஓர் இணையதளம் செய்துகொண்டிருக்கிறேன். எந்த ஊரில் எவ்வளவு பெங்களூரா, எவ்வளவு அல்போன்சா, எவ்வளவு நீலம் அறுவடைக்குத் தயாராக இருக்கிறது என்பதைக் கூழ் தொழிற்சாலைக்காரர்களும் வியாபாரிகளும் பார்ப்பதற்காக. மாவட்டம், அதற்குள் தாலுகா, அதற்குள் ஊர் என்று தரவு மரம்போலக் கிளை விடுகிறது. அதை விரித்துக் காட்ட, தன்னைத்தானே அழைக்கும் (தற்சுழற்சி) செயற்கூறு, அதாவது ஃபங்ஷன், ஒன்றை எழுதியிருக்கிறேன். மொழி ஜாவாஸ்கிரிப்ட், பிரவுசரில் ஓடுகிறது. படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்:

செயற்கூறு விரி(கிளை)
— சு = 0 எனத் தொடங்கு; சு என்பது கிளை.உள்ளவை.நீளம் என்பதைவிடச் சிறியதாக இருக்கும் வரை. ஒவ்வொரு சுற்றிலும் சு++ (சுவோடு ஒன்று கூட்டு)
—— கிளை.உள்ளவை[சு].பெயர் என்பதை எழுது
—— கிளை.உள்ளவை[சு] என்பதற்குள் ஊர்கள் இருந்தால், விரி(கிளை.உள்ளவை[சு])

தருமபுரி பக்கம் சரியாக வருகிறது. 7 தாலுகாக்களும் வரிசையாக நிற்கின்றன. அங்கே இன்னும் ஊர்களை ஏற்றவில்லை.

கிருஷ்ணகிரியில் 8 தாலுகாக்கள். நான் ஏற்றிய வரிசை: ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை. முதலில் ஓசூருக்குள் மட்டும் பாகலூர், மத்திகிரி என்ற இரண்டு ஊர்களைச் சேர்த்தேன். திரையில் வந்தது: ஓசூர், பாகலூர், மத்திகிரி, அஞ்செட்டி, கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை. சூளகிரியையும் தேன்கனிக்கோட்டையையும் காணவில்லை.

பிறகு ஊத்தங்கரைக்குள் சிங்காரப்பேட்டை, கல்லாவி, சாமல்பட்டி மூன்றையும் சேர்த்தேன். இப்போது கடைசிவரை வந்துவிட்டு மறுபடியும் கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை என்று திரும்பத் திரும்ப ஓடி பிரவுசரே உறைந்துவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை.

தரவைச் சரிபார்த்துவிட்டேன், அதில் தவறு இல்லை. ஒவ்வொரு அழைப்பிலும் சு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது. இதே தர்க்கம் சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் எழுதிய பழைய பக்கத்தில் ஒழுங்காக ஓடியது. எங்கே தடுக்கிறது என்று சொல்லுங்கள்.

ஓசூர் இரவுப்பணி எழுதியது:

சு என்பதற்கு முன்னால் லெட் (let) என்று சேர்த்துவிடுங்கள். சரியாகிவிடும்.

வேப்பனப்பள்ளி வேர் எழுதியது:

சரியாகிவிட்டது, மிக்க நன்றி அண்ணா. ஆனால் காரணம் தெரியாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. செயற்கூற்றுக்குள் எழுதிய மாறி அந்தச் செயற்கூற்றுக்குத்தானே சொந்தம்? ஒரே ஒரு சொல் சேர்த்ததும் காணாமல்போன இரண்டு தாலுகாக்கள் எப்படித் திரும்பி வந்தன?

ஊத்தங்கரை ஆசிரியை எழுதியது:

தம்பி, காரணத்தைக் கேட்டது மிக நல்லது. இந்தப் பிழையை லெட் போட்டு மூடிவிட்டுப் போகிறவர்கள், அடுத்த மாதம் இதையே வேறு உருவத்தில் சந்திப்பார்கள். பொறுமையாகப் பார்ப்போம்.

செயற்கூற்றுக்குள் எழுதியது அதற்கே சொந்தம் என்பது பிஎச்பியில் உண்மை. பைத்தானிலும், ஒரு செயற்கூற்றுக்குள் ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் அந்தப் பெயர் உள்ளூர் மாறியாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் இதற்கு நேர் எதிர். வார் (var), லெட் (let), கான்ஸ்ட் (const) ஆகிய மூன்றில் ஒன்றால் அறிவிக்காமல் ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்தால், அந்த மொழி உள்ளிருந்து வெளியே ஒவ்வோர் எல்லையாகத் தேடிக்கொண்டு போகும். எங்கும் கிடைக்காவிட்டால் எல்லாவற்றுக்கும் வெளியே, முழுப் பக்கத்துக்கும் பொதுவாக, தானே ஒரு மாறியை உண்டாக்கிவிடும். உங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாது. 1995இல் நெட்ஸ்கேப்பில் அவசர அவசரமாகப் பிறந்த மொழி அது. பழைய பக்கங்கள் உடைந்துவிடக் கூடாது என்பதால் அந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஆகவே உங்கள் சு ஒன்றே ஒன்றுதான். விரி எத்தனை முறை தன்னை அழைத்தாலும், ஒவ்வோர் அழைப்பும் அந்த ஒரே சுவைத்தான் தொடுகிறது. இப்போது விரலால் பின்தொடருங்கள்.

வெளி அழைப்பு கிருஷ்ணகிரி மாவட்டத்தை எடுக்கிறது. சு 0. ஓசூரை எழுதுகிறது. ஓசூருக்குள் ஊர்கள் இருப்பதால் உள் அழைப்பு நடக்கிறது. அது சுவை மறுபடி 0 ஆக்குகிறது, பாகலூரை எழுதுகிறது, சு 1, மத்திகிரியை எழுதுகிறது, சு 2. இரண்டு 2ஐ விடச் சிறியது இல்லை, எனவே உள் அழைப்பு முடிகிறது. வெளி அழைப்பு விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. அது தன் சு இன்னும் 0 என்று நம்பிக்கொண்டிருந்தது. கையில் இருப்பதோ 2. அதன்மேல் ஒன்று கூட்ட 3. மூன்றாம் எண்ணில் இருப்பது அஞ்செட்டி. 1இல் இருந்த சூளகிரியும் 2இல் இருந்த தேன்கனிக்கோட்டையும் இப்படித்தான் விடுபட்டன.

ஊத்தங்கரை 7ஆம் எண். அதற்குள் மூன்று ஊர்கள். உள் அழைப்பு முடியும்போது சு 3, ஒன்று கூட்ட 4. நான்கு 8ஐ விடச் சிறியது, ஆகவே வெளி லூப் (சுற்று) நிற்கவில்லை. நான்காம் எண்ணான கிருஷ்ணகிரியிலிருந்து மறுபடி தொடங்குகிறது. திரும்பவும் ஊத்தங்கரைக்கு வருகிறது, திரும்பவும் 4. நீங்கள் சொன்ன நான்கு பெயர்களும் அதே வரிசையில் சுழல்வதற்குக் காரணம் இதுதான்.

“ஒவ்வொரு அழைப்பிலும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது” என்று எழுதியிருந்தீர்கள். பாதுகாப்பு என்று நீங்கள் நினைத்த அந்த வரிதான் வெளி அழைப்பின் கணக்கை அழிக்கிறது.

வகுப்பில் நான் இப்படிச் சொல்வேன்: பள்ளிக்கு ஒரே ஒரு கரும்பலகை, எல்லா வகுப்புகளும் அதில்தான் கணக்குப் போட வேண்டும் என்றால், ஆறாம் வகுப்பு அழித்து எழுதிய பிறகு பத்தாம் வகுப்பு தன் கணக்கைத் தொடர முடியாது. லெட் என்ற சொல் ஒவ்வோர் அழைப்புக்கும் தனிப் பலகை தருகிறது.

உங்கள் பிழையில் நான் மிகவும் கவலைப்படுவது ஒன்று உண்டு. அது தரவின் வடிவத்தைப் பொறுத்து முகம் மாறுகிறது. ஊர்களே இல்லாத தருமபுரியில் அது தெரியவில்லை. ஓசூரில் ஓர் ஊர் மட்டும் இருந்திருந்தால் சூளகிரி மட்டும் விடுபட்டிருக்கும். சிறிய தரவை வைத்துச் சோதித்துவிட்டு நன்றாக ஓடுகிறது என்று ஒப்படைத்திருந்தால், ஒரு தாலுகா விவசாயிகள் முழுவதுமே பட்டியலில் இல்லாமல் போயிருப்பார்கள். அதை யார் கவனித்திருப்பார்கள்?

அரூர் நிரல் எழுதியது:

டீச்சர், மிகத் தெளிவாக இருந்தது. எங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் வரையெல்லைக்கு (ஒரு மாறி எதுவரை செல்லும் என்பதற்கு) ஒரு தனிப் பாடமே இருந்தது. படித்தபோது தேர்வுக்கான விடையாக மட்டுமே தெரிந்தது. ஒரு கேள்வி: வார் என்று போட்டாலும் இது சரியாகியிருக்குமா? லெட் தான் வேண்டுமா?

ஊத்தங்கரை ஆசிரியை எழுதியது:

இந்த இடத்தில் வார் போட்டாலும் சரியாகியிருக்கும். வார் செயற்கூறு முழுவதற்கும் உரிய மாறியைத் தருகிறது. அழைப்பு தோறும் அது புதிதாகப் பிறக்கும். லெட், கான்ஸ்ட் இரண்டும் 2015ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்தவை. அவை அடைப்புக்குறிக்குள் உள்ள பகுதிக்கு மட்டுமே உரியவை.

வேறுபாடு தெரியும் இடம் சொடுக்கு (கிளிக்) நிகழ்வு. ஒவ்வோர் ஊர்ப் பெயரையும் சொடுக்கினால் அதன் விவரம் வரவேண்டும் என்று லூப்புக்குள்ளேயே எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். வார் போட்டால் எல்லா ஊர்களும் ஒரே சுவைப் பார்க்கும். சொடுக்கும் நேரத்தில் லூப் முடிந்திருக்கும், சு கடைசி எண்ணையும் தாண்டி நிற்கும். லெட் போட்டால் லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனிச் சு கிடைக்கும். ஆகவே லெட் என்பதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தொப்பூர்க் கணவாய் எழுதியது:

எல்லாவற்றுக்கும் லெட் போடு என்ற அறிவுரையோடு இந்த இழை முடிந்துவிடக் கூடாது. நான் கடுமையாகவே மறுக்கிறேன்.

இந்தத் தம்பி அடுத்து என்ன கேட்பார்? தாலுகா வாரியாக மொத்தம் எத்தனை டன் என்று கேட்பார். மொத்தம் என்ற மாறியை லெட் போட்டுச் செயற்கூற்றுக்குள் வைப்பார். ஒவ்வோர் அழைப்புக்கும் புதிய மொத்தம் பிறக்கும், அழைப்பு முடிந்ததும் மறையும். வெளியே வந்து பார்த்தால் பூஜ்யம். உடனே கோபத்தில் மொத்தத்தைத் தூக்கி வெளியே பொது மாறியாக்குவார். முதல் முறை சரியான விடை வரும். தருமபுரியைக் கணக்கிட்டுவிட்டு அடுத்துக் கிருஷ்ணகிரியைக் கணக்கிட்டால், கிருஷ்ணகிரியின் தலையில் தருமபுரியின் மாங்காயும் ஏறியிருக்கும். 2004இல் பிரிந்த மாவட்டங்களை உங்கள் மாறி மறுபடி சேர்த்துவிடும்.

மாறியை எழுதும் முன் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இது யாருடைய நினைவு? சு அந்த ஓர் அழைப்பின் நினைவு. அது வெளியே கசியக் கூடாது. மொத்தம் என்பது முழுப் பயணத்தின் நினைவு. அதைக் கையோடு கொடுத்து வாங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

மொத்தத்துக்கு என் வழி:

செயற்கூறு மொத்தம்(கிளை)
— லெட் தொகை = கிளையின் சொந்த எடை
— ஒவ்வோர் உள்கிளைக்கும்: தொகை = தொகை + மொத்தம்(உள்கிளை)
— தொகையைத் திருப்பி அனுப்பு

இதில் பொதுவானது எதுவும் இல்லை. உள் அழைப்பு தன் விடையைச் சொல்கிறது, வெளி அழைப்பு அதைக் கூட்டிக்கொள்கிறது. தருமபுரியை எத்தனை முறை கேட்டாலும் அதே விடை.

பாலக்கோட்டார் எழுதியது:

கணவாயார் சொன்னதை வரிக்கு வரி ஏற்கிறேன். என் காலத்தில் ஃபோர்ட்ரான் 77 என்ற பழைய நிரல் மொழியைப் படித்தோம். அந்தத் தரநிலையில் தற்சுழற்சிக்கே இடமில்லை. மாறிகளுக்கு நினைவகத்தில் நிலையான ஓர் இடம் ஒதுக்கிவிட்டு, எல்லா அழைப்புகளும் அதையே பயன்படுத்தலாம் என்று அது அனுமதித்ததுதான் காரணம். ஆனால் அதற்கும் முந்தைய அல்கால் 60 மொழி ஒவ்வோர் அழைப்புக்கும் அழைப்பு அடுக்கில் (ஸ்டாக்) தனி இடம் என்ற ஏற்பாட்டுக்கு வழிவிட்டது. ஃபோர்ட்ரானுக்கு ஃபோர்ட்ரான் 90 தரநிலையில்தான், தற்சுழற்சி என்று வெளிப்படையாக அறிவித்தால் செய்துகொள்ளலாம் என்ற வசதி வந்தது. ஆக, தம்பிக்கு நேர்ந்தது ஜாவாஸ்கிரிப்டின் தனி நோய் இல்லை. அழைப்புக்கு அழைப்பு தனி இடம் இல்லையென்றால் எந்த மொழியிலும் தற்சுழற்சி உடையும்.

வலை மொழிகளிலும் இதன் தடம் நீளமானது. கோல்ட்ஃபியூஷன் என்ற வலை மொழியில் செயற்கூற்றுக்குள் வார் என்று குறிக்காத மாறி அந்தப் பக்கத்துக்கோ கூறுக்கோ பொதுவாகிவிடும். தற்சுழற்சியில் உடைந்த பட்டியல்களை அங்கேயும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிஎச்பி பாதுகாப்பானது என்று தம்பி நம்ப வேண்டாம். சாதாரண மாறி அங்கே உள்ளூர்தான். இருந்தாலும் மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன.

குளோபல் என்ற சொல் முதலாவது. அதைத் தெரிந்தேதான் எழுதுகிறோம், விட்டுவிடுவோம்.

ஸ்டாட்டிக் இரண்டாவது. அது செயற்கூற்றுக்குள் எழுதப்படுவதால் உள்ளூர் மாறிபோலத் தோன்றும். ஆனால் எல்லா அழைப்புகளுக்கும் அது ஒன்றே. முந்தைய அழைப்பு விட்ட மதிப்பை அடுத்தது எடுத்துக்கொள்ளும். ஆழத்தை எண்ண அதைப் பயன்படுத்துகிறவர்கள், ஏறும்போது ஒன்று கூட்டிவிட்டுத் திரும்பும்போது ஒன்று கழிக்க மறந்தால் போதும், இரண்டாம் மாவட்டத்தின் தலைப்பு நான்காம் அடுக்கின் உள்தள்ளலில் போய் நிற்கும்.

மூன்றாவது, வகுப்பின் (கிளாஸ்) பண்பு, அதாவது பொருள் தன்னோடு வைத்திருக்கும் மாறி. தரவுத்தளக் கேள்வியின் விடைத்தொகுதியை அந்தப் பொருளின் பண்பாக வைத்துக்கொண்டு, வரி வரியாக எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் அதே வினைமுறையை (வகுப்பின் செயற்கூற்றை) தற்சுழற்சியாக அழைப்பார்கள். உள் அழைப்பு புதிய கேள்வி கேட்டு அதே பண்பின்மேல் புதிய விடையை வைக்கும். அதை முழுதும் படித்துத் தீர்த்துவிட்டுத் திரும்பும். வெளி அழைப்பு அடுத்த வரியைக் கேட்டால், வரி இல்லை என்ற பதில் வரும். விளைவு: ஒவ்வோர் அடுக்கிலும் முதல் கிளை மட்டும் தெரியும், உடன்பிறப்புகள் யாரும் தெரியமாட்டார்கள். பட்டியலில் எல்லா இடத்திலும் முதல் பிள்ளை மட்டும் தெரிந்தால், முதலில் விடைத்தொகுதி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அரூர் நிரல் எழுதியது:

ஐயா, கணவாய் அண்ணா, இருவருக்கும் நன்றி. பைத்தானில் எனக்கு இதே மாதிரி ஒன்று உண்டு. ஊர்களைச் சேகரிக்கும் செயற்கூற்றுக்கு இரண்டாவது அளபுருவாக (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பு) வெற்றுப் பட்டியலை முன்னியல்பாக (டிஃபால்ட்) கொடுத்திருந்தேன். முதல் அழைப்பு சரி. இரண்டாவது மாவட்டத்துக்கு அழைத்தால் முதல் மாவட்டத்தின் ஊர்களும் கூடவே வருகின்றன. பொது மாறியே நான் எழுதவில்லையே?

தொப்பூர்க் கணவாய் எழுதியது:

எழுதியிருக்கிறீர்கள், கண்ணுக்குத் தெரியாமல். பைத்தானில் முன்னியல்பு மதிப்பு, செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. அழைக்கும் போதெல்லாம் புதிதாக உருவாவதில்லை. அந்த ஒரே பட்டியலில் எல்லோரும் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். முன்னியல்பாக நன் (None, மதிப்பில்லை) என்று வைத்து, உள்ளே வந்ததும் அது நன் என்றால் புதிய வெற்றுப் பட்டியல் உருவாக்குங்கள். உள் அழைப்புகளுக்கு அந்தப் பட்டியலை நீங்களே கையில் கொடுங்கள்.

வேப்பனப்பள்ளி வேர் எழுதியது:

எடைக் கணக்கு கணவாய் அண்ணா சொன்ன முறையில் சரியாக வந்துவிட்டது. ஆனால் இப்போது வேறொன்று. ஒவ்வோர் ஊருக்கும் மேலே அதன் வழியைக் காட்டுகிறேன்: கிருஷ்ணகிரி, ஓசூர், பாகலூர் என்று. வழி என்ற வரிசையை அளபுருவாகக் கொடுத்து, உள்ளே போகும்போது பெயரைச் சேர்க்கிறேன். பொது மாறி இல்லை, எல்லாவற்றுக்கும் லெட் போட்டிருக்கிறேன். ஆனாலும் மத்திகிரிக்கு மேலே “கிருஷ்ணகிரி, ஓசூர், பாகலூர், மத்திகிரி” என்று வருகிறது. பாகலூர் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

ஊத்தங்கரை ஆசிரியை எழுதியது:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள், அனுபவம் உள்ளவர்களும்கூட.

லெட் காப்பது பெயரை மட்டும். அந்தப் பெயர் சுட்டுகிற பொருளை அது காப்பதில்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் வழி என்ற தனிப் பெயர் இருக்கிறது, உண்மை. ஆனால் அத்தனை பெயர்களும் நினைவகத்தில் உள்ள ஒரே வரிசையைத்தான் சுட்டுகின்றன. ஜாவாஸ்கிரிப்டில் வரிசையை அளபுருவாகக் கொடுத்தால் நகல் போகாது, அதே வரிசைதான் போகும். பாகலூரின் அழைப்பு அதில் தன் பெயரைச் சேர்த்துவிட்டுத் திரும்பியது, எடுத்துவிட்டுத் திரும்பவில்லை.

இரண்டு வழிகள் உண்டு. உள்ளே அனுப்பும்போதே பழைய வரிசையோடு புதுப் பெயரைச் சேர்த்துப் புதிய வரிசையாக அனுப்பலாம். அல்லது சேர்த்தவர் திரும்பும் முன் தன் பெயரைத் தானே நீக்கிவிட வேண்டும். உங்கள் மரம் மூன்று அடுக்குதான், முதல் வழியே போதும். நகல் எடுக்கும் செலவு ஒரு பொருட்டே இல்லை. பல லட்சம் கிளைகளில் தேடும் நிரலாக இருந்தால் இரண்டாவது வழி மதிப்புடையது. ஆனால் நடுவில் ஓரிடத்தில் சீக்கிரமே திரும்பிவிடும் வரி ஒன்று இருந்தால் நீக்கும் வரி ஓடாமல் போய்விடும். அதை எப்போதும் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிஎச்பியிலிருந்து வருகிறவர்களுக்கு இது கூடுதல் குழப்பம் தரும். அங்கே வரிசை, மதிப்பாகவே போகும். உள் அழைப்பு அதை மாற்றினால் வெளி அழைப்பின் வரிசை மாறாது. அங்கே பிரச்சினை தலைகீழ்: சேகரித்ததெல்லாம் வெளியே வரவில்லை என்று தவிப்பார்கள். ஆனால் அதே பிஎச்பியில் பொருள்களை அனுப்பினால், உள்ளே மாற்றியது வெளியேயும் தெரியும். மொழி மாறும்போது இந்த ஒன்றை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓசூர் இரவுப்பணி எழுதியது:

முதலில் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போனேன். இழை இவ்வளவு தூரம் வந்த பிறகு, சர்வர் பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வேர் தம்பி, நீங்கள் இதை நாளை ஜாவாஸ்கிரிப்டையே சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸுக்கு மாற்றினால் பொது மாறியின் ஆபத்து பல மடங்காகும். வழக்கமான பிஎச்பி அமைப்பில் ஒவ்வொரு கோரிக்கையும் வெறும் பலகையோடு தொடங்கும்; முடிந்ததும் எல்லாம் அழியும். நோட் அப்படி இல்லை. அது தொடர்ந்து உயிரோடு இருக்கும் ஒரே செயல்முறை. கோப்பின் மேல்மட்டத்தில் வைத்த மாறி, வருகிற எல்லோருக்கும் ஒன்றுதான்.

உங்கள் செயற்கூறு ஒவ்வோர் அடுக்கிலும் தரவுத்தளத்தைக் கேட்டுக் காத்திருக்கிறது என்று வையுங்கள். அந்தக் காத்திருப்பில் சர்வர் சும்மா இருக்காது, அடுத்தவரின் கோரிக்கையைக் கையில் எடுக்கும். போச்சம்பள்ளி விவசாயிக்காகப் பாதி நிரம்பிய வரிசையில் பர்கூர் விவசாயியின் தரவு வந்து விழும். பெயர்ப் பட்டியல் என்றால் பார்த்துத் திருத்திவிடலாம். அலைபேசி எண், வங்கிக் கணக்கு, வரவேண்டிய பணம் எல்லாம் அதில் இருந்தால்? ஒருவருடைய விவரம் இன்னொருவரின் திரையில் தெரிவது மிகப் பெரிய துரோகம். தனியாக உட்கார்ந்து சோதித்தால் இது ஒருபோதும் தெரியாது. சீசன் நேரத்தில் பலர் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போதுதான் வெளிப்படும்.

இன்னொன்றும் உண்டு. உள்கிளைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டு, ஒவ்வொன்றின் விடையையும் காத்திருந்து தொகையில் கூட்டுகிற வரியை எழுதாதீர்கள். அந்த வரி முதலில் தொகையின் பழைய மதிப்பை எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் காத்திருக்கும். விடை வரும்போது பழைய மதிப்போடு கூட்டி எழுதும். நடுவில் மற்ற கிளைகள் கூட்டியது அழிந்துபோகும். மாறி உள்ளூராகவே இருந்தாலும் இது நடக்கும். விடைகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஒரே இடத்தில் கூட்டுங்கள்.

தொப்பூர்க் கணவாய் எழுதியது:

இரவுப்பணி சொன்னதைப் படித்ததும் என் அடுத்த கேள்வி: ஒவ்வோர் அடுக்கிலும் தரவுத்தளத்தை ஏன் கேட்க வேண்டும்? மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பு வந்தது 2018இல். அதிலிருந்தே தற்சுழற்சிக் கேள்வியைத் தரவுத்தளமே செய்துகொள்கிறது. ஒரே கேள்வியில் மரம் முழுதும் வந்துவிடும். முன்னியல்பாக 1000 சுற்றுகள் வரை போகும், நமக்கு மூன்று அடுக்கு. செயற்கூறே வேண்டாம் என்றுகூட நான் சொல்வேன்.

ஊத்தங்கரை ஆசிரியை எழுதியது:

ஒரே கேள்வியில் எடுப்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எடுத்ததை உள்தள்ளிக் காட்ட மரமாக விரிக்கத்தானே வேண்டும்? மர வடிவத் தரவுக்குத் தற்சுழற்சிதான் இயல்பான வடிவம். அதை விட்டுவிட்டு நாமே ஓர் அடுக்கு கட்டி லூப்பில் ஓட்டினால், மொழி நமக்காகச் செய்த நினைவு வேலையை நம் தலையில் ஏற்றிக்கொள்கிறோம். அங்கேயும் யாருடைய நினைவு என்ற உங்கள் கேள்வி அப்படியே நிற்கும். மாணவர்கள் தற்சுழற்சியைக் கண்டு பயந்து ஓடுவதை நான் விரும்பவில்லை.

வேப்பனப்பள்ளி வேர் எழுதியது:

கணவாய் அண்ணா சொன்னபடி தரவை ஒரே அட்டவணையாக மாற்றினேன். ஒவ்வொரு வரியிலும் பெயர், தாய்ப் பெயர் (அது எதற்குள் அடங்குகிறதோ அதன் பெயர்). மரமாக விரிப்பதை ஜாவாஸ்கிரிப்டிலேயே வைத்துக்கொண்டேன். இப்போது மறுபடி முடிவில்லாமல் ஓடுகிறது! ஆனால் இந்த முறை சிவப்பில் பிழைச்செய்தி வருகிறது, அழைப்பு அடுக்கின் உச்ச அளவு மீறப்பட்டது என்று. தாலுகாக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒவ்வொரு முறையும் இன்னும் வலப்பக்கமாகத் தள்ளி. எந்த மாறி கசிகிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

ஊத்தங்கரை ஆசிரியை எழுதியது:

தேட வேண்டாம் தம்பி, இது மாறியின் பிழை இல்லை. நீங்கள் கொடுத்த அடையாளமே அதைச் சொல்கிறது. முதல் முறை பிழைச்செய்தி இல்லாமல் உறைந்தது. பெயர்கள் ஒரே உள்தள்ளலில் சுழன்றன. அது முடியாத லூப், அதற்கு ஆழம் கூடாது. இந்த முறை ஆழம் கூடிக்கொண்டே போய் அடுக்கு நிரம்பிவிட்டது. அது முடியாத அழைப்பு. இனி எப்போது சந்தேகம் வந்தாலும் பெயரோடு ஆழத்தையும் எழுதிப் பாருங்கள்.

காரணம் நம் ஊர்ப் பெயர்களில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் கிருஷ்ணகிரி என்றே ஒரு தாலுகா. அதன் தாய்ப் பெயர் கிருஷ்ணகிரி. பெயரை வைத்துத் தேடினால் அந்தத் தாலுகா தனக்குத் தானே தாய். அதன் பிள்ளைகளைக் கேட்டால் மாவட்டத்தின் 8 தாலுகாக்களும் வரும், அவற்றுள் மறுபடி அதுவே. தருமபுரி மாவட்டத்திலும் தருமபுரி தாலுகா இருக்கிறது, அங்கேயும் இதுவே நடக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுங்கள், தாயைப் பெயரால் அல்லாமல் அந்த எண்ணால் குறியுங்கள்.

பாலக்கோட்டார் எழுதியது:

கூடவே, பார்த்த எண்களின் தொகுப்பு ஒன்றை அளபுருவாக எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே பார்த்த எண் மறுபடி வந்தால் உள்ளே போகாமல் எச்சரிக்கை எழுதுங்கள். இந்தத் தொகுப்பு மட்டும் எல்லா அழைப்புகளுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும், நகல் எடுக்காதீர்கள். நாளை யாராவது தட்டச்சுப் பிழையில் ஓர் ஊரை அதற்கே தாயாக ஏற்றினாலும் பக்கம் விழாது.

வேப்பனப்பள்ளி வேர் எழுதியது:

எண் கொடுத்ததும் தீர்ந்தது. இரண்டு மாவட்டங்களின் 15 தாலுகாக்களும் அதனதன் இடத்தில் வருகின்றன. எண்ணிச் சரிபார்த்தேன், எடையும் தாளில் கூட்டிய கணக்கோடு ஒத்துப்போகிறது. பார்த்த எண்களின் தொகுப்பையும் சேர்த்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அறிவிக்காத மாறியை நான் கண்ணால் தேடாமல் கணினியே பிடிக்க வழி உண்டா? எனக்குப் பின்னால் இந்தத் தளத்தைக் குழுவில் வேறொருவர் பார்த்துக்கொள்வார்.

ஓசூர் இரவுப்பணி எழுதியது:

உண்டு. கோப்பின் முதல் வரியில் கண்டிப்பு முறையை (ஸ்ட்ரிக்ட் மோட்) அறிவியுங்கள். 2009ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்தது அது. அதன் பிறகு, அறிவிக்காத பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் மொழி அமைதியாகப் பொது மாறி உண்டாக்காது, அங்கேயே பிழை எழுப்பி நிற்கும். கோப்பை மாட்யூலாக ஏற்றினால் அந்த அறிவிப்பும் தேவையில்லை. மாட்யூல்கள் எப்போதும் கண்டிப்பு முறையில்தான் ஓடும். உங்கள் பழைய கோப்பு சாதாரண ஸ்கிரிப்டாக ஏறியதால்தான் சத்தமில்லாமல் போயிற்று.

நிரலைப் படித்துப் பிழை காட்டும் ஈஎஸ்லின்ட் என்ற கருவியை நிறுவி, அறிவிக்காத பெயர்களைப் பிடிக்கும் விதியை இயக்குங்கள். ஓட்டுவதற்கு முன்பே, எழுதும்போதே, சிவப்புக் கோடு போடும். ஆனால் வழி என்ற வரிசையில் பாகலூர் ஒட்டிக்கொண்ட மாதிரிப் பிழைகளை இந்த இரண்டுமே பிடிக்காது. அதற்கு ஒரு சோதனை எழுதி வையுங்கள்: உள்கிளை இல்லாத தாலுகா ஒன்று, ஓர் ஊர் உள்ளது ஒன்று, கடைசி இடத்தில் மூன்று ஊர்கள் உள்ளது ஒன்று, செயற்கூற்றை அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்து, இரண்டு விடையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வேப்பனப்பள்ளி வேர் எழுதியது:

மாட்யூலாக மாற்றிவிட்டேன். மாற்றியதும் வேறொரு கோப்பில் இன்னும் இரண்டு அறிவிக்காத மாறிகள் பிடிபட்டன. விலைப் பட்டியலை வரிசைப்படுத்தும் இடத்தில். சோதனையை இன்றிரவு எழுதிவிட்டு, முழுக் கோப்பையும் இங்கே பதிவேற்றுகிறேன். டீச்சர், கணவாய் அண்ணா, பாலக்கோட்டு ஐயா, ஓசூர் அண்ணா, நேரம் இருந்தால் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். அரூர்த் தம்பி, தருமபுரி ஊர்களை ஏற்றுவதற்கு ஆள் தேவைப்படுகிறது. விருப்பமிருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.